பெரியப்பாவின் சிமெண்டுத் தொட்டி

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதலாக உள்ள இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் போன பிறகு என் அடுப்பில் பொங்கிய சோற்றைத் தின்று ஆளானவர்கள். "எங்கள் அம்மா பொய் சொன்னாள்" என்று இந்த எட்டுப் பேரில் ஒருவரும் சொல்ல முடியாது. "எங்கள் அம்மாவுக்கு வாய் பொல்லாதது" என்று எட்டுப் பேருமே சொல்லுவார்கள். சொல்லட்டும்.

என் வயதுக்காரிகளே, இது உங்களுக்குத்தான். நம் எல்லோரையும் வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? நீங்கள் மூடிக்கொண்டீர்கள். எனக்கு அது வரவில்லை. வராமல் போனது எந்த வருஷம் என்று கேட்டால் கைவிரலை மடக்கிச் சொல்லத் தெரியாது. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து, ஆவணிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாலாம் வகுப்பைக்கூட நான் முடிக்கவில்லை. அது ஏன் என்பதும் இதில் வரும். அவசரப்படாதீர்கள்.

அப்போது சங்கரன்கோவிலில் வீட்டுப் புறவாசலில் தொட்டி வைத்து மீன் வளர்க்கிற ஆம்பிளைகள் மூன்று பேர் இருந்தார்கள். தின்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. ஒருவர் என் பெரியப்பா. இன்னொருவர் கம்பவுண்டர். மூன்றாமவர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்கு. ஊரில் இவர்களுக்குத் தொட்டிக்காரர்கள் என்று பெயர். எங்கள் தெருப் பெண்கள் கிணற்றடியில் சிரிப்பார்கள். "குடிக்கத் தண்ணிக்கு நாம மூணு கிணறு சுத்துதோம். இவுக மீனுக்கு மாளிகை கட்டுதாக" என்பார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. மீன் வளர்த்தது ஆம்பிளைகள்; தண்ணீர் இறைத்தது நாங்கள். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும். என் அய்யா, அதாவது அப்பா, கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். நாங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தோம்.

தண்ணீர் விஷயத்தில் அந்த மூன்று பேரும் மூன்று திசை. கம்பவுண்டர் வாரம் தவறாமல் தொட்டியைக் காலி செய்து கழுவுவார். ஆஸ்பத்திரியிலிருந்து ஊதா மருந்து ஒரு சிட்டிகை கொண்டுவந்து போடுவார். அவர் வீட்டு மீன்கள் ரோஜாப்பூ நிறத் தண்ணீரில் நீந்தும். பார்சல் கிளார்க்கு தண்ணீரைத் தொடவே மாட்டார். பாசி பிடித்த தண்ணீர்தான் மீனுக்குத் தாய்ப்பால் என்பார். அவர் தொட்டி பச்சைப் பட்டுச் சேலையை முக்கிவைத்த மாதிரி இருக்கும். பெரியப்பா பாதியைக் கொட்டிப் பாதியை வைக்கிறவர். ஆளுக்கு ஒரு முறை. ஒருவர் முறை மற்றவருக்குப் பைத்தியக்காரத்தனம்.

ஆனால் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அதற்கு அவர்கள் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டுத் தொட்டியை மற்ற இருவரும் பார்க்க வருவார்கள். வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அடுத்தவர் தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது. வாயைத் திறந்ததும் முதல் சொல், "தண்ணி நல்ல குளிர்ச்சியா இருக்கு." தண்ணீர் நாறினாலும் அதுதான். நீங்கள் செய்வது தப்பு என்று சொல்லவே கூடாது. சொல்லியே ஆகவேண்டும் என்றால், "எங்க வீட்டுத் தொட்டியிலே நாங்க இப்பிடிச் செய்தோம்" என்று தன் வீட்டுக் கதையாகச் சொல்லலாம். அதற்குத் தொட்டிக்காரர் தலையை ஆட்டி, "அதுவும் ஒரு முறைதான்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு காப்பி வரும்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று இதை வாரா வாரம் கேட்டவள். ஒருவராவது ஒருநாளாவது தன் முறையை மாற்றிக்கொண்டாரா என்று கேளுங்கள். கிடையாது.

அந்த ஆவணியில் பெரியப்பாவுக்குப் பர்மிட்டில் சிமெண்டு கிடைத்தது. அன்றைக்கு சிமெண்டு என்றால் லேசா? மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கியபோது தெருவே வந்து பார்த்தது. சிவகிரியிலிருந்து கொத்தனார் வந்தார். புறவாசலில் வேப்பமரத்துக்குத் தள்ளி, நான் இறங்கினால் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற ஆழத்தில், காவி பூசி வழவழவென்று தேய்த்த விளிம்போடு தொட்டி எழும்பியது. அதுவரை மீன் கிடந்த பழைய கல்தொட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் குளத்தில் பிடித்த பழைய கெண்டைகளைப் பெரியப்பா திரும்பவும் அந்தக் குளத்திலேயே விட்டுவிட்டார். புதுத் தொட்டிக்குப் புது மீன்தான் வேண்டுமாம்.

புது மீன் எது என்பதும் முடிவாகிவிட்டது. பார்சல் கிளார்க்குக்கு மாற்றல் வந்திருந்தது. அவரிடம் ஐந்து சிவப்பு மீன்கள் இருந்தன. பழுத்த மிளகாய் நிறம். அவர் பெண்டாட்டி மதுரையில் தாய்வீட்டிலிருந்து கண்ணாடிச் சாடியில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மீன்கள். அந்த அம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவர் விரல் மோதிரத்தால் தொட்டிக் கல்லில் மூன்று தட்டுத் தட்டினால் ஐந்தும் மேலே வந்து வாயைத் திறக்கும். போகிற ஊரில் அவருக்கு வீடு இல்லை, மேன்ஷனில் ஒரு அறைதான். "அதுக்கென்ன, நம்ம புதுத் தொட்டிக்கு முதல் மீன் உம்ம மீன்தான்வே" என்று பெரியப்பா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவரும் கும்பிட்டுவிட்டார்.

தொட்டியை நிரப்பியது நானும் அம்மாவும். ஆவணியில் கிணறு எவ்வளவு கீழே கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடம் குடமாக இறைத்து, இடுப்பு கழன்றுவிட்டது. தண்ணீர் நின்ற இரண்டாம் நாள் நான் விளிம்பில் குனிந்து கை கழுவினேன். கை காயவே இல்லை. அதாவது ஈரம் போனது, வழவழப்பு போகவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது சுண்ணாம்பில் கைவிட்டால் இருக்குமே, அதே வழவழப்பு. வெள்ளையடித்த கையை அம்மா புளித்தண்ணீரில் முக்கித்தான் கழுவுவாள். நான் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீர் என்றது.

பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். போய்ச் சொன்னேன்.

"பெரியப்பா, தொட்டித் தண்ணி சுண்ணாம்புத் தண்ணியா இருக்கு. மீன் செத்துப்போகும்."

"சுண்ணாம்பா? ஏட்டி, அது சிமெண்டு. உங்க ஆத்தா வெத்தலைக்குத் தடவுத சுண்ணாம்புன்னு நினைச்சியா?" என்று சிரித்தார். "போய்ப் பாடத்தைப் படி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டர் மட்டும் வந்தார்; கிளார்க்கு மாற்றல் வேலையில் இருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். தண்ணீரின் மேல் வெள்ளை ஆடை படர்ந்திருந்ததை அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

"தண்ணி நல்ல குளிர்ச்சியா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

கம்பவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க வீட்டுல அந்தச் சின்ன சிமெண்டுத் தொட்டி கட்டினோம்லா, அப்ப வாழைத்தண்டை வெட்டிப் போட்டு இருபது நாள் ஊற வச்சோம். தண்ணியையும் நாலு தடவை மாத்தினோம்."

பெரியப்பா நிதானமாகத் தலையை ஆட்டினார். "அதுவும் ஒரு முறைதான்."

காப்பி வந்தது. கம்பவுண்டர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெரியும். அந்த மீன்கள் சாகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு டம்ளர் காப்பியோடு அதை விழுங்கிவிட்டுப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

மீன் கைமாறிய நாளில் வீட்டில் விருந்து. கிளார்க்குக்குச் சாயங்கால ரயில். மண்பானையின் வாயை ஈரத்துணியால் மூடி, பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இருந்தது. பெரியப்பா, கம்பவுண்டர், நான், தூண் மறைவில் அம்மா, எல்லோரும் புறவாசலில் நின்றோம். பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கிளார்க்கு குனிந்து, பானையின் அடியைத் தண்ணீரில் தொடவிட்டார். விரலும் நனைந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவிப் பார்த்தார். தடவிய விரல் நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டரைப் பார்த்தார், கம்பவுண்டர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

நான் சொன்னேன். "போடாதிய மாமா. சுண்ணாம்புத் தண்ணி. செத்துப்போகும்."

அம்மா தூண் மறைவிலிருந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வெளி ஆம்பிளைகள் முன்னால் அம்மா அப்படி வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது. மனசுல வச்சுக்கிடாதியும்" என்றார் பெரியப்பா.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி" என்றார் கிளார்க்கு. "பெரிய வீட்டுத் தொட்டி. அதுக கொடுத்து வச்சிருக்கணும்."

சொல்லிவிட்டுப் பானையைச் சாய்த்தார். ஐந்தும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. அவர் மோதிரத்தால் தட்டிப் பார்க்கவில்லை.

அந்த மனிதரை எத்தனையோ வருஷம் திட்டியிருக்கிறேன். தன் மீனைத் தானே கொன்றாரே என்று. எனக்குப் பேரன் பேத்தி வந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. பெண்டாட்டி செத்த வீட்டில் அவருக்குப் பதினாறு நாளும் சோறு போனது எங்கள் வீட்டிலிருந்து. அந்தச் சோறு அவர் வாயை அடைத்திருக்கும். இருக்கட்டும். என் வாயை அடைக்கவில்லையே? நானும் அதே வீட்டுச் சோறுதான் தின்றேன்.

ஆம்பிளைகள் இலை போட்டு உட்கார்ந்தார்கள். நான் அடுப்படியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பாயசத்தைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே, "பால் வடிகட்டுத துணி கொடியில காயுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்தொட்டியில மாட்டுக்கு இன்னைக்குப் புதுத்தண்ணி ஊத்தியாச்சு" என்றாள்.

அடித்த கைக்காரிதான் வழியும் சொன்னாள். அவளும் நேராகச் சொல்லவில்லை பாருங்கள். ஆனால் அவள் சுற்றிச் சொன்னது காப்பாற்றுவதற்கு.

துணியை உருவிக்கொண்டு ஓடினேன். அதற்குள் மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. இரண்டை வாரிக் கல்தொட்டியில் விட்டேன். ஒன்று வால் நுனியில் வெள்ளை உள்ளது. ஒன்று எல்லாவற்றிலும் பெரியது. மற்ற மூன்றும் நடுவில் கிடந்தன. நான் இறங்கித் துணியை நீட்டினேன். எட்டிப் பிடித்தபோது அசைவில்லை. அந்தத் தண்ணீரில் நின்ற என் உடம்பு அன்று முழுக்க எரிந்தது.

சாப்பிட்டுப் படுத்து எழுந்த பெரியப்பா தொட்டியைப் பார்த்தார். மூன்று மீன் மிதந்தன. கருவேப்பிலைச் செடிக்கு அடியில் தானே குழி தோண்டிப் புதைத்தார். மற்ற இரண்டும் அடியில் கிடப்பதாக நினைத்திருப்பார். கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஸ்டேஷனுக்கு வா. அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நாலு பேர் முன்னால நீ பேசினது பேச்சா?"

போனேன். பிளாட்பாரத்தில் கிளார்க்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றார். ரயில் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.

"எப்பிடி இருக்கு அண்ணாச்சி?" என்றார். என்னது என்று சொல்லவில்லை.

"அதுக்கென்ன. ஓடி விளையாடுது" என்றார் பெரியப்பா. பிறகு என் முதுகில் ஒரு தள்ளு. "கேளுட்டி."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மூணு செத்துப்போச்சு மாமா. ரெண்டைக் கல்தொட்டியில விட்டிருக்கேன். அது பிழைச்சுக்கிடும்."

பெரியப்பாவின் கை என் முதுகிலேயே நின்றது. கிளார்க்கு என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். "பிள்ளை என்னமோ சொல்லுது, இஞ்சின் சத்தத்துல காதுல விழல. உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன் அண்ணாச்சி."

ரயில் நகர்ந்தது. இரண்டு ஜன்னல் தூரம் போனதும் அவர் தலையை வெளியே நீட்டினார். வெளியே நீட்டிக் கத்தினார்.

"எந்த ரெண்டு?"

"வெள்ளை வாலு! பெருசு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் தலையாட்டினாரா, கண்ணில் கரி விழுந்து துடைத்தாரா என்று தெரியவில்லை. கரிப்புகைதான் மிச்சம் நின்றது.

பெரியப்பா வீட்டுக்கு வந்து கொழும்புக்குக் காகிதம் எழுதினார். அய்யாவிடமிருந்து பதில் வந்தது. அண்ணன் பார்த்து எது செய்தாலும் சரி, படிப்பு ஏற ஏற வாயும் நீளுகிறது போல, நிறுத்திவிடலாம் என்று. என் சிலேட்டை அம்மா பரணில் போட்டாள். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை. மூன்று நாள் சோறு போடவில்லை என்றால்கூடக் கேட்டிருக்க மாட்டேன். அம்மா போட்டாள், அது வேறு.

மீன் செத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கம்பவுண்டர் வந்தார். மீனே இல்லாத தொட்டியின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தண்ணி நல்ல குளிர்ச்சியா இருக்கு அண்ணாச்சி" என்றார். கதவுக்குப் பின்னால் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதற்கும் ஒரு அடி வாங்கினேன். வாங்கத்தக்க சிரிப்புதான்.

ஒரு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. பெரியப்பா முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தார். அண்ணாச்சி அவர்களுக்கு அநேக வணக்கம், தங்கள் இல்லத்தில் யாவரும் நலமா, புதுத் தொட்டி நலமா, இப்படிக்கு என்று பார்சல் கிளார்க்கின் பெயர். படித்துக் கார்டை மாடக்குழியில் செருகினார். அவர் குளிக்கப் போனதும் நான் எடுத்தேன். நாலாம் வகுப்புக் கண்தான். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பெயருக்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. வெள்ளை வாலுக்கு அரிசி நொய் பிடிக்காது, பொட்டுக்கடலை மாவு போடவும்.

அந்த வரி எனக்கு எழுதியது. பெரியப்பா அதை விட்டுவிட்டுப் படித்தார்.

அன்றிலிருந்து பொட்டுக்கடலை மாவுதான். கூழாங்கல்லால் கல்தொட்டியில் மூன்று தட்டு. மாடு ஒரு பக்கம் குடிக்க, மீன் இரண்டும் மறுபக்கம் வாயைத் திறந்துகொண்டு வரும்.

பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், சிமெண்டுத் தொட்டியில் வாழைத்தண்டுகள் மிதந்தன. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவே சொல்லவில்லை. நாலைந்து முறை தண்ணீர் மாறியது, இறைத்தது நாங்கள்தான். ஒருநாள் தொட்டியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"ஏட்டி, அந்த ரெண்டையும் இதுல விடலாமா?"

நான் கையைவிட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நாக்கில் ஒரு துளி வைத்தேன். "இன்னும் பத்து நாள் போகட்டும் பெரியப்பா."

"சரி" என்றார். பத்து நாள் காத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பதினோராம் நாள் இரண்டையும் நானே என் கையால் விட்டேன். இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றி அடிக்குப் போயின. அவர் முகம் தெளிந்து, பிள்ளை மாதிரி சிரித்தார்.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். அதுவும் அவர்கள் மரியாதைப்படியே கேட்போம் என்று நினைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன்.

"தண்ணி நல்ல குளிர்ச்சியா இருக்கு பெரியப்பா."

"ஆமா" என்றார்.

"கம்பவுண்டர் வீட்டுல பொம்பளப் பிள்ளையை எட்டாம் கிளாஸ் வரைக்கும் படிக்க வைக்காகளாம்."

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு உள்ளே போனது. நிதானமாகத் தலையை ஆட்டினார்.

"அதுவும் ஒரு முறைதான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றோடு அந்த மரியாதையை நான் விட்டுத் தொலைத்தேன். என் எட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நானே போனேன். வாத்தியார் தப்பாக அடித்தால் தப்பு என்றேன். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி முற்றியபோது வீடே நல்லாயிருக்கீங்க என்று சொல்ல, நான் காலைப் பிடித்துப் பார்த்துப் புண் அழுகுது என்றேன். வண்டி கட்டித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம், கால் பிழைத்தது. அவள் சாகிறவரை என் வாயைக் குறை சொல்லிக்கொண்டே அந்தக் காலால் நடந்தாள். இதற்காக யாரிடமும் நான் தலைகுனியவில்லை. மீன் விஷயத்தை நாலு பேர் முன்னால் பேசியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் எங்கள் வழியில் சொல்லுகிறவர்கள் உண்டு. நாலு பேர் முன்னால்தானே மீனை ஊற்றினார்கள்?

வெள்ளை வால் என் கல்யாணம் வரைக்கும் இருந்தது. பெரியது அதற்கு ஒரு வருஷம் முன்னால் போனது.

அவ்வளவுதான். ஏட்டி மக்கா, நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும், பேனாவை வை. இப்போது முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. உன் தாத்தா வழி ஆட்கள், என் பெரியப்பா வழி ஆட்கள் மனசு நோகும் என்று எதையும் மாற்றியிருந்தால் இப்போதே திருத்திவிடு. கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்ட எனக்கும் தெரியும். ஓரத்தில் இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் படி. ஒரு வரியை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.